ஒரே வேதாகமத்தை நம்பும் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் முன்குறித்தலைப் பற்றி ஏன் சண்டையிடுகிறார்கள்?

யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையே முன்குறித்தல். இதில் எதிரெதிராக நிற்கும் கால்வினியர் (ஜான் கால்வின் வழி நிற்போர்), ஆர்மினியர் (ஆர்மினியஸ் வழி நிற்போர்) ஆகிய இரு தரப்பும் வேதாகமத்தின் அதிகாரத்தை ஏற்கின்றன. எந்த வசனத்தைக் கொண்டு எந்த வசனத்தை விளக்குவது என்பதில்தான் சிக்கல். ரோமர் 8, 9ஆம் அதிகாரங்களைக் கால்வினியர் அடித்தளமாக்குகிறார்கள்: யார் இரட்சிக்கப்படுவார் என்பது தேவனின் தீர்மானம். ஆர்மினியரோ யோவான் 3:16ஐக் காட்டி, கிருபை எல்லாருக்கும் உண்டு, மனிதன் அதை மறுக்கவும் முடியும் என்கிறார்கள்.

இந்தச் சண்டை சுவிசேஷ இயக்கத்துடன் கூடவே பிறந்தது. 1739இல் ஆர்மினியத் தரப்புப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தூண்டியவரே, கால்வினியத் தரப்புப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு. அதே ஆண்டில் வெஸ்லி முன்குறித்தலைச் சாடிப் பிரசங்கித்து, அதை அச்சிட்டும் விட்டார். 1740 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து விட்ஃபீல்டு நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். இதற்கிடையே, அவர் வெஸ்லிக்கு எழுதிய ஒரு தனிக்கடிதத்தை யாரோ அனுமதியின்றி அச்சிட்டு, 1741 பிப்ரவரியில் லண்டனில் வெஸ்லியின் சபை வாசலிலேயே விநியோகித்தார்கள். விட்ஃபீல்டு இங்கே இருந்தால் செய்வதையே நானும் செய்கிறேன் என்று சொல்லி, வெஸ்லி அதைச் சபை முன் கிழித்துப்போட்டார், சபையாரும் கிழித்தார்கள். நல்ல நாடகம்தான், ஆனால் பிளவு நிற்கவில்லை; இவ்விருவரின் இயக்கத்தைச் சேர்ந்த மெதடிஸ்டுகள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

தனிப்பட்ட நட்பு மட்டும் பின்னர் ஒட்டிக்கொண்டது. 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. ஆவிக்குரிய மறுபிறப்பையும் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலையும் போற்றியவர், முன்குறித்தலைத் தொடவில்லை. அதற்கும் கால்வினியர் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள்.