பிளேஸ்மென்ட் செல்லுக்கு எப்போது போக வேண்டும், போய் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: “இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் பிளேஸ்மென்ட் செல் இருக்கிறது. கம்பெனிகள் வரும்போது பெயர் கொடுத்தால் போதாதா? இப்போதே போனால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.”

இப்போதே போங்கள். பிளேஸ்மென்ட் செல் என்பது மாணவர்களுக்கு வேலை கிடைக்க உதவும் கல்லூரிப் பிரிவு. கம்பெனிகள் வரத் தொடங்கிவிட்டால் அங்கே இருப்பவர்களுக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது. பட்டியல் தயாரிப்பது, தகுதி மதிப்பெண் சரிபார்ப்பது, அறை ஒதுக்குவது, வந்த அதிகாரிகளைக் கவனிப்பது என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் “என் ரெஸ்யூமேவைக் கொஞ்சம் பாருங்கள்” என்று நின்றால், எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிடுவார்கள். பரபரப்பு இல்லாத மாதங்களில் அதே ஆள் உங்களோடு முக்கால் மணி நேரம் உட்காருவார். நான் முதலில் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தேன், இப்போது மாணவர்களைத் தயார்ப்படுத்தும் பக்கம் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்த வகையில் சொல்கிறேன்: அந்த முக்கால் மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை.

என்ன கேட்பது என்று தெரியாமல் தவிப்பதற்குக் காரணம், வெறுங்கையோடு போக நினைப்பதுதான். “எனக்கு எந்த வேலை சரியாக வரும்?” என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு தாள்களோடு போங்கள். ஒன்று, உங்களுக்குப் பிடித்த மாதிரி தோன்றும் ஒரு வேலை விளம்பரம். இப்போதே அதற்கு விண்ணப்பிக்கும் தகுதி வேண்டும் என்பதில்லை. இன்னொன்று, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் ரெஸ்யூமே. “இந்த விளம்பரத்தில் கேட்டிருக்கிற ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஆதாரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பேச்சு தானாக நகரும். இல்லாததை உருவாக்கிக்கொள்ள உங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இறுதியாண்டில் முதல்முறையாக வருபவருக்கு அது கிடையாது.

ரெஸ்யூமே விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்கள்கூடக் கோட்டை விடுவது இங்கேதான். நான் அடிக்கடி பார்க்கும் வரி: “நூலக மேலாண்மை மென்பொருள் – குழு புராஜெக்ட்.” அந்தக் குழுவில் நாலு பேர் இருந்தால் நாலு பேர் ரெஸ்யூமேவிலும் அதே வரி இருக்கும். படிப்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. எதிரே உட்கார்ந்து, “சரி, இதில் நீ எழுதின பகுதி எது?” என்று கேட்டால், “தாமதக் கட்டணம் கணக்கிடும் பகுதி” என்பார்கள். “அதில் எது சிரமமாக இருந்தது?” என்றால் முகம் மலர்ந்து விவரம் வரும்: விடுமுறை நாட்களையும் சேர்த்துக் கட்டணம் போட்டுக்கொண்டிருந்தது, ஏன் என்று தேடினோம், தேதிகளைக் கழிக்கும் இடத்தில் பிழை இருந்தது. அப்படியானால் ரெஸ்யூமேவில் வரவேண்டிய வரி இது: “தாமதக் கட்டணம் கணக்கிடும் பகுதியை எழுதினேன், விடுமுறை நாட்களுக்கும் கட்டணம் விழுந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன்.” இதில் மிகை ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்வதுதான். ஆனால் படிப்பவருக்கு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். வரலாறு படிக்கும் மாணவி கல்லூரி விழாவுக்குக் கணக்குப் பார்த்திருப்பார், பில் இல்லாத செலவுக்குப் பணம் தர முடியாது என்று நின்றிருப்பார். அதை “விழாக் குழு உறுப்பினர்” என்ற மூன்று வார்த்தையில் புதைத்துவிடுவார். தோண்டி எடுக்க எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். நாம் செய்ததன் மதிப்பு பெரும்பாலும் நமக்கே தெரிவதில்லை.

இன்னொரு சின்னச் சோதனை, இதை வீட்டிலேயே செய்யலாம். பல நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பு, கட்டங்கள், படக்குறிகள் எல்லாம் கண்ணுக்கு அழகு, ஆனால் அந்த மென்பொருள் சில நேரம் அவற்றைக் குழப்பிப் படிக்கும். உங்கள் பி.டி.எஃப். கோப்பில் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின் மாறி வந்தால், தொலைபேசி எண் காணாமல் போனால், வடிவமைப்பை எளிமையாக்குங்கள். மனிதர் கைக்குப் போன பிறகும் அவகாசம் குறைவுதான். லேடர்ஸ் என்ற வேலைதேடல் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட, கண் எங்கே நகர்கிறது என்று பார்க்கும் ஆய்வில், ஆள் எடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமேவை முதல் பார்வையில் சராசரியாக 7.4 நொடிதான் பார்த்தார்கள் என்று வந்தது. இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களுடைய பலமான விஷயம் முதல் பக்கத்தின் மேல் பாதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “என் குறிக்கோள்” என்று தொடங்கும் மூன்று வரிக்கு அங்கே இடமே தேவையில்லை.

அப்புறம், செல்லில் பெரும்பாலானவர்கள் கேட்காமல் விட்டுவிடுவது முன்னாள் மாணவர்களின் தொடர்பு. என்னைக் கேட்டால், அங்கே இருக்கும் பெரிய சொத்தே அதுதான். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புது வேலைக்கு மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் பேசியது ஒரு சிறு கூட்டத்திடம்தான். ஆனால் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்விலும், நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது. யோசித்தால் காரணம் புரியும். உங்கள் அறைத்தோழருக்குத் தெரிந்த வேலைகள் உங்களுக்கும் தெரிந்தவையாகத்தான் இருக்கும். தூரத்தில் இருப்பவருக்கு வேறு வாசல்கள் தெரியும்.

அதனால் செல்லில் போய், “நான் பார்க்க நினைக்கும் துறையில் இருக்கும் சீனியர்கள் இரண்டு மூன்று பேரிடம் அறிமுகப்படுத்த முடியுமா?” என்று கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, படித்து முடித்து இரண்டு வருடம் ஆனவர் உங்களுக்கு அதிகம் உதவுவார். இன்டர்வியூ அவருக்கு இன்னும் மறந்திருக்காது. “அண்ணா, ஏதாவது ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள், பாவம், அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் பொருளியல் படிக்கிறேன், பிளேஸ்மென்ட் செல்லில் உங்கள் தொடர்பு கொடுத்தார்கள். நீங்கள் இருக்கும் தரவுப் பகுப்பாய்வு வேலை பற்றி விளம்பரங்களில் படித்தேன், ஆனால் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பிடிபடவில்லை. உங்களுக்குத் தோதான நேரத்தில் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” இதற்குப் பதில் வரும். எல்லோரிடமிருந்தும் வராது, ஆனால் வரும். பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பிவிடுங்கள், பிறகு அவர் சொன்னதை வைத்து நீங்கள் ஏதாவது செய்தால் அதையும் தெரியப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து அவர் குழுவில் இடம் காலியானால் உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வரும்.

மாதிரி இன்டர்வியூ வைக்கிறார்கள் என்றால் கட்டாயம் பெயர் கொடுங்கள். நிஜ இன்டர்வியூவில் நிறைய இடங்களில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு ஒரு தாளில் மதிப்பெண் போடுகிறார்கள். “நான் பொறுப்பானவன்” என்பதற்கு அந்தத் தாளில் போட ஒன்றும் இல்லை. நடந்த ஒரு சம்பவம், அதில் நீங்கள் எடுத்த முடிவு, அதனால் என்ன ஆனது, இதற்குத்தான் மதிப்பெண் விழும். அப்படிப்பட்ட ஐந்தாறு சம்பவங்களை இப்போதே எழுதி வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது.

செல்லால் முடியாததும் உண்டு. பெரும்பாலும் மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள்தான் கல்லூரிக்கு வரும். ஒரே ஒருவரைத் தேடும் சின்ன நிறுவனம் வருவது அரிது, அதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். உங்கள் துறைக்கு ஏற்ற கம்பெனி வருவதே இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில கல்லூரிகளில் ஒரு ஆஃபர் கிடைத்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடமாட்டார்கள். அந்த விதியை முதல் ஆஃபர் வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள். செல்லே சரியாக இயங்காத கல்லூரி என்றால், துறையில் வெளியுலகத் தொடர்பு உள்ள ஓர் ஆசிரியரிடம் அதே இரண்டு தாள்களோடு போய் நில்லுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, எத்தனையோ பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், கொடுக்காதீர்கள். அந்த மின்னஞ்சலை அப்படியே செல்லில் காட்டுங்கள். உண்மையான ஆஃபர் லெட்டர் வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்: பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும், சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்களா, சொன்ன சம்பளத்தில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு.