ஆணி ஏறிய டயர்: ஒட்டலாமா, மாற்றலாமா?

கேள்வி: பைக்கின் பின்பக்க ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் போட்டால் போதுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரையில் படும் நடுப்பகுதியில், ஓட்டை 6 மி.மீ.க்குள் என்றால், சரி, ஒட்டலாம். வெளியிலிருந்து ஓட்டையில் ரப்பர் திரி செருகுவது வீடு போய்ச் சேரத்தான். அப்புறம் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வண்டி ஓட ஓட அந்த இடம் மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கும், பேட்ச் நிற்காது.

காற்றில்லாமல் ஓட்டினீர்களா? நான் ஒருமுறை இரண்டு கிலோமீட்டர் அப்படி ஓட்டினேன். கழற்றியபோது உள்ளே கைநிறையக் கறுப்புப் பொடி, ரப்பர் அரைபட்டிருந்தது. அன்றே புது டயர் வாங்கினேன்.