பொண்ணு முதுகு ஒரு பக்கமா வளையுது, பிரேஸ் போட்டா நிமிந்துருமா டாக்டர்?

கேள்வி: நாங்க கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல இருக்கோம் டாக்டர். பொண்ணுக்கு 12 வயசு, பெரியவளாகி நாலு மாசம் ஆச்சு. சீருக்கு பிளவுஸ் தைக்கப் போனப்ப டெய்லர் அக்காதான் 'ஒரு தோளு ஏறியிருக்கே கண்ணு'ன்னு சொன்னாங்க. எக்ஸ்ரேல ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டுல வளையறது, 28 டிகிரி, ரிஸ்ஸர் 1னு போட்டிருக்கு. கோயமுத்தூர் டாக்டர் பிரேஸ், உடம்பச் சுத்தி மாட்டற பிளாஸ்டிக் கவசம், போடணும்ங்கறார். எண்ணெய் போட்டு நீவினா நிமிந்துரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நான் இலை பறிக்கப் போயிட்டா வீட்டுக்கு விறகு, தண்ணி எல்லாம் அவதான் தூக்குவா. அதனாலதான் வந்துச்சா? ஆபரேஷன் பண்ணா நடக்க முடியாம போயிருமா? நாளைக்கு கல்யாணம், குழந்தைன்னா என்ன பண்றது?

பதில்: அம்மா, அந்த விறகு விஷயத்த முதல்ல பேசிருவோம், ஏன்னா நீங்க ராத்திரி தூக்கமில்லாம நினைச்சிட்டு இருக்கறது அதத்தான்னு தெரியுது. விறகு தூக்குனதால இது வரல. ஸ்கூல் பேக், குனிஞ்சு உக்காந்து படிக்கறது, ஒருக்களிச்சுப் படுக்கறது எதனாலயும் வரல. இந்த வயசுல வர்ற வளைவுல பத்துக்கு எட்டு, காரணம் இன்னதுன்னு சொல்ல முடியாத வகைதான், குடும்பத்துல வழிவழியா வர்ற தன்மை கொஞ்சம் இருக்கு, அதனால தங்கச்சி தம்பி இருந்தா அவங்க முதுகையும் ஒரு தடவை பாத்துருங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

நம்ம மலையில இது லேட்டா தெரியறதுக்கு ஒரு காரணம் இருக்குங்க. வருஷம் முழுக்க பிள்ளைங்க ஸ்வெட்டரோடயே இருக்கு, குளிக்கறதும் தானா குளிச்சுக்குது, பத்து வயசுக்கு மேல பெத்தவங்க யாரும் பிள்ளை முதுகப் பாக்கறதே இல்ல. வலியும் பெருசா இருக்காது. அதனால பாக்கத் தெரிஞ்சுக்கோங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும். ஜன்னல் வெளிச்சத்துல முதுகு தெரியற மாதிரி நிக்க வெச்சு, ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்ட மாதிரி வெச்சுக்கிட்டு முட்டி மடக்காம மெதுவா குனியச் சொல்லுங்க, நீங்க பின்னாடி உக்காந்து அவ முதுகு மட்டத்துக்கு கண்ணை வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் விலா மேடாவும் இன்னொரு பக்கம் பள்ளமாவும் தெரிஞ்சா அது வெறும் வளைவு இல்ல, முதுகுத்தண்டு வளையறதோட முறுக்கிக்கவும் செய்யுதுன்னு அர்த்தம். அந்த வளைவும் முறுக்கும் சேந்துதான் தோள ஏத்திக் காட்டுது, பிளவுஸ் ஒரு பக்கம் தூக்கறதும் அதனாலதான். நிமிந்து நிக்கறப்ப நூல்ல ஒரு சாவியக் கட்டி, கழுத்துக்குக் கீழ துருத்திட்டு இருக்கற எலும்புல இருந்து தொங்க விட்டுப் பாத்தா உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னும் தெரியும்.

இப்ப உங்க ரிப்போர்ட். 10 டிகிரிக்கு மேல போனாத்தான் இதை ஸ்கோலியோசிஸ்னே சொல்றோம். 28ங்கறது பயந்து ஒடுங்கற நம்பரும் இல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விடற நம்பரும் இல்ல. அதைவிட முக்கியம் பக்கத்துல இருக்கற அந்த ரிஸ்ஸர் 1. இடுப்பெலும்பு விளிம்புல எலும்பு எவ்வளவு முத்தியிருக்குன்னு பாத்து 0ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போடுவாங்க, 5னா வளர்ச்சி முடிஞ்சது. உங்க பொண்ணுக்கு 1, பெரியவளாகியும் நாலு மாசம்தான், அப்ப இன்னும் ரெண்டு வருஷம் கிட்ட வளர்றதுக்கு இருக்கு. பிள்ளை வளர வளரத்தான் இந்த வளைவும் கூடும். இதே 28 டிகிரி 17 வயசுப் பொண்ணுக்கு இருந்திருந்தா நான் ஒண்ணும் போட வேண்டாம்னே சொல்லியிருப்பேன், வளர்ச்சி நின்னப்ப 30க்குள்ள இருக்கற வளைவு பெரும்பாலும் அப்படியே இருந்துரும். உங்க பொண்ணுக்கு அந்த ரெண்டு வருஷம்தான் விஷயமே, அதனால கோயமுத்தூர் டாக்டர் சொன்னது சரி, தள்ளிப் போடாதீங்க.

பிரேஸ் போட்டா நிமிந்துருமான்னு கேட்டீங்கன்னா, நிமித்தறது அதோட வேலை இல்ல, இதுக்கு மேல போகாம பிடிச்சு வைக்கறதுதான் வேலை. வளர்ச்சி முடியறப்பவும் 28லயே நின்னா நமக்கு ஜெயிச்ச மாதிரி. இத முன்னாடியே சொல்லாம விடறதாலதான் ஆறு மாசம் போட்டும் அப்படியேதான் இருக்குன்னு நிறைய பேர் கழட்டி மூலையில வெச்சுடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நடந்து 2013ல வெளிவந்த பெரிய ஆய்வுல, பிரேஸ் போட்ட பிள்ளைங்கள்ல 100க்கு 72 பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகல, சும்மா பாத்துட்டு மட்டும் இருந்தவங்கள்ல அது 48 பேர்தான். ஒரு நாளைக்கு 13 மணி நேரம், அதுக்கும் மேல போட்டவங்கள்ல 90 பேருக்கு மேல தப்பிச்சாங்க. அதனால மணிக்கணக்குதான் மருந்து. டாக்டர் 18 மணி நேரம் சொன்னா 18. ராத்திரி தூங்கற நேரமும் ஸ்கூல் நேரமும் சேந்தாலே பெரும்பகுதி ஆயிரும், விளையாட, குளிக்க கழட்டிக்கலாம்.

முதல் ரெண்டு வாரம் கஷ்டம்தான், அழுவா, விடுங்க அழட்டும், கொஞ்சம் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க. உள்ள தையல் இல்லாத காட்டன் பனியன், தையல் இருந்தா திருப்பிப் போட்டு விடுங்க, சுருக்கம் இல்லாம இழுத்து விடணும். கழட்டுனதும் தோல் செவந்திருக்கும், அரை மணி நேரத்துல மறைஞ்சா பரவால்ல, மறையலன்னா, புண்ணாகுதுன்னா பிரேஸ் செஞ்சவங்ககிட்ட காட்டி அந்த இடத்த சரி பண்ணிக்கணும், நீங்களா பஞ்சு துணி வெச்சு அடைக்காதீங்க. பவுடர், எண்ணெய் அந்த இடத்துல வேண்டாம். குளிருக்கு கரி அடுப்பு, ஹீட்டர் எது வெச்சாலும் பிரேஸ அது பக்கத்துல காய வைக்கவே கூடாது, பிளாஸ்டிக் சூட்டுல வளைஞ்சிருச்சுன்னா அளவே போயிரும், ஈரத்துணியில தொடச்சு நிழல்ல வைங்க. கீழ சமவெளியில பிள்ளைங்க வேர்வையில தவிக்குதுங்க, அந்த விதத்துல நம்ம குளிர் நமக்கு உதவிதான்.

நீவறது, நெட்டி எடுக்கறது, மேல ஏறி மிதிக்கறது எதுவும் பண்ண விடாதீங்க. லேசா எண்ணெய் தேச்சா அசதி போகும், வளைவு போகாது. அதுல ஆறு மாசம் போச்சுன்னா அந்த ஆறு மாச வளர்ச்சி திரும்பக் கிடைக்காது. உடற்பயிற்சி வேற, ஸ்கோலியோசிஸுக்குன்னே இருக்கற ஷ்ரோத் பயிற்சி தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட் கிடைச்சா பிரேஸோட சேத்துக் கத்துக்கட்டும், பிரேஸுக்குப் பதிலா இல்ல. ஓடலாம், கோகோ ஆடலாம். உசைன் போல்ட்டுக்கே ஸ்கோலியோசிஸ் இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார், பொண்ணுகிட்ட சொல்லுங்க.

நாலு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே, நின்னுக்கிட்டு, முதுகுப் பக்கம் இருந்து எடுக்கச் சொல்லுங்க, மார்புக்கு கதிர் கம்மியா போகும். பழைய பிலிம் கையில இருக்கணும். இந்த அளவுல 5 டிகிரி வரைக்கும் அளக்கறவர் கைக்குக் கை மாறும், அதனால 28 போய் 31னு வந்தா உடனே உடைஞ்சு போகாதீங்க.

ஆபரேஷன் பேச்சு பொதுவா 45, 50 டிகிரிக்கு மேல போனாத்தான். அப்பவும் நரம்பு வேலைய மெஷின்ல கவனிச்சுக்கிட்டேதான் பண்றாங்க, கால் செயலிழக்கற அபாயம் நூத்துல ஒண்ணுக்கும் கீழ. கல்யாணம், பிரசவம் ரெண்டுக்கும் இது தடையில்ல, பிரசவத்தப்போ மயக்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொன்னா போதும். ஆனா ராத்திரி எழுப்பி விடற வலி, கால்ல பலம் குறையறது, மரத்துப் போறது, ஒண்ணுக்கு அடக்க முடியாம போறது, அடிமுதுகுல முடிக்கொத்து, உடம்புல காபி நிறத் திட்டு நிறைய, இதுல ஏதாவது இருந்தா அடுத்த தேதிக்குக் காத்திருக்காம உடனே காட்டுங்க, எம்.ஆர்.ஐ தேவைப்படலாம். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போய் எதுக்கு செல்லும்னு ஆஸ்பத்திரி கவுண்டர்லயே கேளுங்க. பிள்ளை வளர்றதால ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல பிரேஸ் மாத்த வேண்டி வரும், அந்தச் செலவையும் மனசுல வெச்சுக்கோங்க.

அந்த டெய்லர் அக்காவுக்கு என் நன்றிய சொல்லுங்க, நல்ல நேரத்துல பாத்துட்டாங்க. யூனிபார்ம் இன்னும் தைக்கலன்னா பிரேஸ் வந்ததுக்கு அப்புறம் அதைப் போட்டு விட்டே அவங்ககிட்ட அளவு எடுக்கச் சொல்லுங்க, பக்கத் தையல்ல ரெண்டு விரக்கடை கூட விட்டுத் தைச்சா மேல ஸ்வெட்டர் போட்டதும் கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது.