பெர்லினா, வோல்ஃப்ஸ்பூர்க்கா: பத்தாயிரம் யூரோ வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது?

அன்புத் தம்பிக்கு,

ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பூர்க்கில் வாகன மென்பொருள் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 68,000 யூரோவும் பெர்லினில் இன்னொரு நிறுவனம் 58,000 யூரோவும் தர முன்வந்திருப்பதாகவும், ஊர் என்று பார்த்தால் பெர்லினைத்தான் மனம் நாடுகிறது என்றும், ஆனால் பத்தாயிரம் யூரோவை யாராவது வேண்டாம் என்பார்களா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவி உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் என்பதும் குழந்தைக்கு இரண்டு வயது என்பதும் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் வருகின்றன. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு முன்னால் சம்பளக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது புரூட்டோ, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. அதிலிருந்து வருமான வரி, ஓய்வூதியக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் கழிந்து மீதிதான் உங்கள் கணக்கில் விழும். ஓய்வூதியத்துக்கான 18.6 சதவீதத்தில் பாதியை முதலாளி கட்டினாலும், மறுபாதியான 9.3 சதவீதம் உங்கள் சம்பளத்திலிருந்தே போகிறது. வருமான வரி படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், சம்பளத்தின் மேல்நுனியில் இருக்கும் பத்தாயிரத்தின் மீதுதான் கத்தி ஆழமாக விழும். தனியாளாக இருந்தால் அந்தப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். திருமணமாகி ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் உங்கள் நிலையில், மூன்றாம் வரி வகுப்பில் (துணைக்குச் சம்பளம் இல்லாதபோது மாத வரியைக் குறைவாகப் பிடிக்கும் வகுப்பு) இருந்தால், சுமார் 6,000 யூரோ மிஞ்சும். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது ஆண்டுக்குப் பத்தாயிரத்தை அன்று, மாதத்துக்கு ஏறத்தாழ 500 யூரோவை.

வாடகையைச் சேர்த்தால் வித்தியாசம் மீண்டும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெர்லினில் இன்று புதிதாக ஒப்பந்தம் போடுபவர், அதே அளவு வீட்டுக்கு வோல்ஃப்ஸ்பூர்க் வட்டாரத்தில் இருப்பவரைவிடக் கணிசமாக அதிகம் தர வேண்டியிருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015-இலிருந்து இருக்கிறது. ஆனால் அறைகலன்களோடு குறுகிய காலத்துக்கு விடப்படும் வீடுகள் பல வழிகளில் அதிலிருந்து நழுவிவிடுகின்றன, புதிதாக வருபவருக்கு முதலில் கிடைப்பதோ பெரும்பாலும் அத்தகைய வீடுதான். மறுபக்கம், வோல்ஃப்ஸ்பூர்க் 1938-இல் கார்த் தொழிற்சாலைக்காகவே உருவாக்கப்பட்ட ஊர். அங்கே காரில்லாமல் குடும்பம் நடத்த முடியாது என்பதில்லை, ஆனால் வாங்கிவிடுவீர்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கு குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் புதிதாக எழுதித் தேற வேண்டும், அதற்கான பயிற்சிக் கட்டணம் சிறிய தொகையன்று. பெர்லினில், உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்கான மாதம் 63 யூரோ ஜெர்மனிப் பயணச்சீட்டு ஒன்றே போதும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பின்னும் வோல்ஃப்ஸ்பூர்க் பக்கம் மாதம் சில நூறு யூரோ மிஞ்சும் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நீல அட்டையில், அதாவது பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வசிப்பு அனுமதியில், வருபவரின் வாழ்க்கைத் துணைக்கு இங்கு வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை; விசாவுக்கு முன்பே ஜெர்மன் தேர்வு எழுதி வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உங்கள் இரண்டு சம்பளங்களுமே 2026-ஆம் ஆண்டுக்கான நீல அட்டை வரம்பான 50,700 யூரோவைத் தாண்டியிருப்பதால், இந்த உரிமை எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் உண்டு. அந்த உரிமை எந்த ஊரில் பயன்படும் என்பதுதான் கேள்வி. முதுகலைப் பட்டத்தோடு ஓர் ஆய்வு நிறுவனத்தில் அரைநேரப் பணி கிடைத்தால்கூட, பொதுத்துறை ஊதிய அட்டவணைப்படி மாதம் 2,000 யூரோவுக்கு மேல் புரூட்டோ வரும். பிடித்தங்கள் போகக் கைக்கு ஆயிரத்துக்குக் குறையாது. முனைவர் பட்டம் செய்ய விரும்பினாலும் பெரும்பாலான இடங்களில் ஊழியருக்குரிய ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. இதையெல்லாம் விடுங்கள்: 2026-இல் மினிஜாப் எனப்படும் சிறு வேலையில் மாதம் 603 யூரோ வரை ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கே வருகிறது. உங்கள் வீட்டில் இத்தனை விவாதத்தைக் கிளப்பியிருக்கும் பத்தாயிரம் யூரோவின் நிகர மதிப்பு மாதக் கணக்கில் இதைவிடக் குறைவு.

பணத்தைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. இங்கு வந்த குடும்பங்களில், ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் ஊர் மாறியவர்களில் பெரும்பாலோர், கணவரின் வேலை பிடிக்காமல் மாறியவர்கள் அல்லர். அவர் காலையில் அலுவலகம் போய்விடுவார். அங்கே சக ஊழியர்கள், மதிய உணவு, பேச்சு, கவலைப்படுவதற்கான காரணங்கள்கூட எல்லாம் அவருக்கு இருக்கும். படித்துவிட்டு வேலையை உதறிவிட்டு வந்த மனைவி, நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டும் ஊரில் குழந்தையோடு வீட்டில் இருப்பார். அந்தக் குடும்பம் பிறகு ஊர் மாறும்போது மூன்று மாத அடிப்படை வாடகை வரையிலான முன்பணம், மூன்று மாத அறிவிப்புக் காலத்தில் இரட்டை வாடகை, புதிய இடத்தில் குழந்தைக்கு மறுபடி ஒரு கீட்டா (குழந்தைக் காப்பகம்) தேடல் என்று, இரண்டாண்டு கூடுதல் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

கீட்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. பெர்லினில் குழந்தைக் காப்பகக் கட்டணம் 2018 ஆகஸ்டிலிருந்து எல்லா வயதுக்கும் இல்லை, உணவுக்கான சிறு தொகை மட்டும்தான். வோல்ஃப்ஸ்பூர்க் இருக்கும் கீழ் சாக்சனியில் மூன்று வயதிலிருந்துதான் அந்தச் சலுகை. உங்கள் குழந்தைக்கு இது ஓராண்டு விஷயம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் பெறும் உரிமை 2013-இலிருந்து சட்டப்படி நாடு முழுவதும் உண்டு. உரிமை இருப்பதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு என்பதால், வந்து இறங்கும் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

உயிரியல் ஆய்வுக்குப் பெர்லினில் வாய்ப்புகள் பல: ஷாரிட்டே மருத்துவமனை, புக் பகுதியில் உள்ள மாக்ஸ் டெல்ப்ரூக் மையம், ராபர்ட் கோக் நிறுவனம், வெட்டிங்கில் பேயரின் மருந்துப் பிரிவு, இவற்றைச் சுற்றி முளைத்த சிறு நிறுவனங்கள். ஓர் இடத்தில் ஒப்பந்தம் முடிந்தால் வீடு மாறாமல் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் குறித்த காலத்துக்கு மட்டுமே தரப்படுவதால் இது சிறிய வசதியன்று.

ஆனால் வோல்ஃப்ஸ்பூர்க்கில் வேலை என்றால் வோல்ஃப்ஸ்பூர்க்கிலேயே வாழ வேண்டும் என்று யார் சொன்னார்கள்? வட்டார ரயிலில் இருபது நிமிடம் போல தள்ளி பிரவுன்ஷ்வைக் இருக்கிறது. பழைய பல்கலைக்கழக ஊர். நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைத் தரும் அணுக்கடிகாரங்கள் அங்குதான் ஓடுகின்றன. உங்கள் மனைவியைப் பொறுத்தவரை முக்கியமானவை அங்குள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் தொற்றுநோய் ஆய்வு மையமும், உலகின் பெரிய நுண்ணுயிர்ச் சேகரிப்புகளுள் ஒன்றான டி.எஸ்.எம்.இசட். நிறுவனமும். இரண்டிலும் ஆய்வகங்களின் பேச்சுமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. ஊர் அழகானது, நடந்தே சுற்றலாம், பெர்லினைப் போல் வீட்டுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிராது. நீங்கள் இரண்டு ஊர்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்; உண்மையில் ஒப்பிட வேண்டியது பெர்லினையும் பிரவுன்ஷ்வைக்கையும். பெர்லினில் வீடு வைத்துக்கொண்டு வோல்ஃப்ஸ்பூர்க்குக்கு நாள்தோறும் போய் வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் போலத்தான், அப்படிப் போய் வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜெர்மனிப் பயணச்சீட்டு விரைவு ரயிலில் செல்லாது, ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வருவதுமில்லை. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, வோல்ஃப்ஸ்பூர்க் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தப் பணி உலோகத் தொழிற்சங்கமான ஐ.ஜி. மெட்டாலின் (IG Metall) கூட்டு ஊதிய ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா? வந்தால் வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு, விடுமுறைக் காலத் தொகை எல்லாம் அதில் அடங்கும். சட்டம் கட்டாயமாக்குவதோ வாரம் ஐந்து நாள் வேலைக்கு 20 நாள் விடுப்பு மட்டுமே. பெர்லினின் இளம் நிறுவனங்களில் 40 மணி நேரம்தான் வழக்கம். 35 மணி நேரத்துக்கு 68,000 என்பதையும் 40 மணி நேரத்துக்கு 58,000 என்பதையும் மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள், வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகத் தெரியும். மாறாக அது பெரிய கார் நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் பொறியியல் சேவை நிறுவனம் என்றால், இந்த ஒப்பந்தம் பெரும்பாலும் பொருந்தாது, வாடிக்கையாளர் திட்டத்தை நிறுத்தினால் முதலில் ஆடுவது உங்கள் நாற்காலிதான்.

வேலை நிலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஜெர்மனியில் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. நேரடியாக ஆட்களை வெளியேற்றாமல் செய்வதாகத்தான் உடன்பாடு. ஆனால் அந்த ஒரு நிறுவனத்தை நம்பி வாழும் சுற்றுவட்டாரச் சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார அறிவிப்பில் அனுப்பிவிடலாம். அதன்பின் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் வரும், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில். ஆனால் ஆட்குறைப்பில் யாரை அனுப்புவது என்று பார்க்கும்போது பணிக்காலமும் வயதும் கணக்கில் வருவதால், புதிதாக வந்த இளைஞர் வரிசையின் தவறான முனையில்தான் நிற்பார். கடந்த 30 மாதங்களில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருந்தால்தான் வேலையின்மைத் தொகை கிடைக்கும். நீல அட்டைக்காரர் வேலை இழந்தால் அடுத்ததைத் தேட அவகாசம் உண்டு, ஆனால் அது வரம்புக்கு உட்பட்டது. அந்த அவகாசத்துக்குள் அதே ஊரில் எத்தனை கதவுகளைத் தட்ட முடியும் என்பதில் பெர்லின் எந்தச் சிறு நகரத்தையும்விட முன்னால் நிற்கிறது.

பெர்லினுக்குச் சாதகமாக இவ்வளவு சொன்ன பிறகு, அந்த ஊர் செய்யும் ஒரு கெடுதலையும் சொல்ல வேண்டும்: ஜெர்மன் கற்காமலே ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்துவிட முடியும். அலுவலகம் ஆங்கிலம், நண்பர்கள் நம்மவர்கள், பிரிட்ஸ் பகுதியில் முருகன் கோயில்கூட இருக்கிறது. நீல அட்டை வைத்திருப்பவர் பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமை பெறலாம், அடிப்படை நிலை மட்டும் இருந்தால் 27 மாதங்கள். சிறு ஊர்க்காரர் கடைக்காரரோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் பேசியே பி1-ஐ எட்டிவிடுகிறார். பெர்லின்காரர் மாலை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறார். மனைவி இருவரில் முதலில் கற்றுவிடுவார் என்று எண்ணி நீங்கள் விட்டுவிடாதீர்கள், வீட்டுக்கு வரும் ஒவ்வோர் அரசுக் கடிதமும் அவர் தலையில்தான் விழும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பெர்லினை எடுப்பேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு செய்திகள் சேர்ந்து வர வேண்டும்: வோல்ஃப்ஸ்பூர்க் பணி கூட்டு ஊதிய ஒப்பந்தத்தின் கீழ் 35 மணி நேரப் பணி என்று எழுத்தில் வர வேண்டும், பிரவுன்ஷ்வைக்கில் உங்கள் மனைவிக்கு ஏற்ற பணியிடங்கள் இப்போதே விளம்பரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் 68,000-ஐ எடுத்துக்கொண்டு பிரவுன்ஷ்வைக்கில் குடியேறுங்கள், பெர்லினுக்கு வார இறுதியில் போய் வரலாம். ஊரில் அடைக்க வேண்டிய பெரிய கடன் இருந்தால் கணக்கு வேறு. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பதில் சொல்லும் முன் இந்த வாரத்திலேயே மூன்று வேலைகள் உண்டு. உங்கள் மனைவி அமர்ந்து இரண்டு ஊர்களிலும் உள்ள பணியிடங்களைத் தேடட்டும், தன் பட்டம் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று வெளிநாட்டுப் பட்டங்களுக்கான அனாபின் தரவுத்தளத்திலும் பார்க்கட்டும். பெர்லின் நிறுவனத்திடம் 62,000 கேளுங்கள். கிடைக்காவிட்டால், முதல் மூன்று மாதங்களுக்கு வீட்டு ஏற்பாட்டையோ இடமாற்றச் செலவையோ கேளுங்கள், அந்த ஊரில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். முடிவெடுக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று இரு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இங்கே அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. வேலை கொடுப்பவர் நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டு ஏற்கனவே சில மாதங்கள் காத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறார்.