பேச்சிலும் சர்க்கரை, தம்ளரிலும் சர்க்கரை

கேள்வி: சென்ற இதழின் மொழிபெயர்ப்புப் பயணக் கட்டுரையில், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் விடுதி நடத்தும் அம்மாள் 'பழரசம் கலந்த புன்னகையோடு எங்களை வரவேற்றார்' என்று ஒரு வரி. மூலத்தில் 'கார்டியல்' என்று இருந்திருக்க வேண்டும். அதற்கு நட்பான என்றும் பொருள், இனிப்பான பானம் என்றும் பொருள். இது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். போதாததற்கு, நான்கு பக்கம் தள்ளி, இரு நாட்டுத் தலைவர்கள் 'சுமுகமான சூழலில்' பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கார்டியல்தான். அந்தச் சொல்லின் வேருக்கு இதயம் என்று பொருள். இரண்டு இடத்திலும் 'நெஞ்சார்ந்த' என்று எழுதக் கை வராதா? வடசொல்லைத் தேடிப் பிடித்துப் போடுவானேன்?

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்.

பதில்: ஐயா, முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் பழரசம். மூலத்தில் அந்தச் சொல் ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வருகிறது. அம்மாள் கார்டியலாக வந்தார், கையில் எல்டர் பூ கார்டியலோடு வந்தார் என்பது சாரம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சிலேடை கிடைத்தால் விடுவதே இல்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே தம்ளரில் கரைத்துவிட்டார். நீங்கள் கவனிக்காத இன்னொரு பிழையும் அதில் இருக்கிறது. அது பழரசமே இல்லை. எல்டர் செடியின் வெள்ளைப் பூங்கொத்தை எலுமிச்சையோடு சேர்த்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடிகட்டுவது. தண்ணீர் கலந்து குடிப்பார்கள். அந்தப் பக்கத்தின் கடைசி புரூஃப் என் மேஜைக்குத்தான் வந்தது. ஓரத்தில் பச்சை மையில் என் இனிஷியல் இருக்கிறது. இரவு பதினொன்றரை மணி, அச்சகத்திலிருந்து போன் மேல் போன் என்பதெல்லாம் சாக்கு.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? 'நெஞ்சார்ந்த புன்னகை' என்றா? அறை வாடகை கொடுக்க வந்திருக்கிற, முன்பின் பார்த்திராத ஆளைப் பார்த்து எந்த விடுதிக்காரரும் நெஞ்சாரப் புன்னகைப்பதில்லை. 'சிரித்த முகமாக வந்து, சர்பத் கலந்து கொடுத்தார்' என்றால் போதும். சிலேடையையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்றால் 'பேச்சிலும் சர்க்கரை, தம்ளரிலும் சர்க்கரை' என்று எழுதியிருக்கலாம். இது இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

சர்பத் என்றால் நன்னாரி நினைவுக்கு வந்துவிடுமே என்பீர்கள். வரட்டும். பாகு, தண்ணீர், வந்தவருக்கு ஒரு தம்ளர் என்கிற காரியம் இரண்டுக்கும் ஒன்றுதான். நம் நாட்டில் 1955இல் வந்த பழப் பொருள் ஆணை ஸ்குவாஷ், கிரஷ், சிரப், கார்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரையறை வகுத்தது. ஸ்குவாஷானாலும் கார்டியலானாலும் குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு இருக்கவேண்டும். சதை, சக்கை எல்லாம் நீக்கி, கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால்தான் அது கார்டியல். எலுமிச்சைச் சாற்றை அசையாமல் வைத்து, மண்டி அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கிற தெளிவை மட்டும் எடுப்பார்கள். சட்டத்தில் இடம் இருந்தும் அந்தப் பெயர் நம் பக்கத்து வாய்களில் ஏறவில்லை. ஸ்குவாஷ் ஏறியது. இலங்கைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நெல்லிக் கோடியல் என்பது கடையிலும் வீட்டிலும் புழங்குகிற பெயர். எங்கள் மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. அமெரிக்காவில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே கார்டியல் என்றால் இனிப்பு மது. எடையில் 2.5 சதவீதமாவது சர்க்கரை இருக்கவேண்டும் என்று அந்த நாட்டு விதியே இருக்கிறது. குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் வேர்.

லத்தீனில் 'கோர்' என்றால் இதயம் என்பது சரிதான். பானத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இதயத்தைத் தெம்பாக்குவது என்று சொல்லிக் கொடுத்த மருந்துக்குப் பெயர் கார்டியல். பொன், முத்து, வாசனைச் சரக்கு எல்லாம் அதில் போகும். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு வைத்தியரைக் கிண்டல் செய்கிறார்: தங்கம் இதயத்துக்கு மருந்து, ஆகவே இந்த வைத்தியருக்குத் தங்கத்தின்மேல் தனிப் பிரியம். நம் ஊர் தங்க பஸ்பக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் மருந்து போய் ருசி நின்றது. கப்பல்களில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்கிற, ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய் வராமலிருக்க எலுமிச்சைச் சாறு கொடுத்துவந்தார்கள். கெடாமலிருக்க அதில் ரம் கலப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் லாக்லன் ரோஸ் என்பவர், மதுவே இல்லாமல் சர்க்கரையைக் கொண்டு சாற்றைக் காக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை வாங்கினார். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு கட்டாயம் என்று சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். ஆக, இதய மருந்தாகக் கிளம்பியது கடைசியில் சர்க்கரைத் தண்ணீராக வந்து நின்றது. அந்த பாட்டிலை இன்றைக்கு 'இதயநீர்' என்று நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?

பானத்துக்கு நடந்ததுதான் பண்புக்கும் நடந்தது. நெஞ்சிலிருந்து வருவது என்ற பொருள் இளகி இளகி, முகம் சுளிக்காமல் நடந்துகொள்வது என்ற அளவுக்கு வந்துவிட்டது. 1904 ஏப்ரல் 8ஆம் தேதி பிரிட்டனும் பிரான்ஸும் லண்டனில் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு 'ஆந்தாந்த் கோர்தியால்' என்று பெயர். இதே சொல்தான், பிரெஞ்சு உச்சரிப்பில். உள்ளே என்ன இருந்தது? எகிப்தில் நீ செய்வதை நான் கேட்கமாட்டேன், மொராக்கோவில் நான் செய்வதை நீ கேட்காதே. கூடவே இன்றைய கனடாவில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீன்பிடி உரிமை, சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) யாருக்கு எந்தப் பக்கம் என்கிற பாகப்பிரிவினை. பங்காளிகள் பத்திர ஆபீஸில் உட்கார்ந்த கதை. இதில் நெஞ்சு எங்கே ஐயா இருக்கிறது? ஆங்கிலத்தில் ஒருவரை 'கார்டியலாக வெறுப்பது' என்றுகூட ஒரு வழக்கு உண்டு. வெறுப்பதில் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பழைய நெஞ்சு இன்னும் துடிக்கிறது.

தலைவர்கள் பேசிய செய்திக்கு வருவோம். வெளியுறவுத் துறை அறிக்கைகளை முப்பது வருஷமாகப் படிக்கிறேன். 'மனம் திறந்து பேசினார்கள்' என்றால் சண்டை நடந்தது. 'கார்டியல்' என்றால் தேநீர் வந்தது, போட்டோ எடுத்தார்கள், யாரும் எழுந்து போகவில்லை. இதைத் தமிழில் சொல்லச் 'சுமுகம்' என்ற சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் எப்போதோ பிடித்துவைத்தார்கள். வடசொல்தான், மறுக்கவில்லை. சு, முகம். நல்ல முகம். பிள்ளையார் அர்ச்சனை 'சுமுகாய நம' என்றுதான் தொடங்குகிறது. ஆனைமுகத்தானைப் பார்த்து நல்ல முகத்தோனே என்கிறார்கள், அழகு. ஆங்கிலச் சொல் நெஞ்சிலிருந்து வருகிறது, நம் சொல் முகத்திலிருந்து வருகிறது. மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களிடம் அன்று இருந்தது எது?

முகநக நட்பது நட்பன்று என்று நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். 786ஆம் குறள். நெஞ்சத்து அகநக நட்பதுதான் நட்பு என்று அது முடிகிறது. வள்ளுவர் இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுப் பிரித்துவைத்ததை, ஒரு லத்தீன் வேருக்காக நான் அழிக்கவேண்டும் என்கிறீர்கள். அந்தச் சந்திப்பு முகநகையா, அகநகையா என்று எங்கள் நிருபரால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. முகம் தெரிந்தது. முகத்தை எழுதினார்.

வேர்தான் பொருள் என்று பிடிவாதம் பிடித்தால் நமக்கே ஆபத்து. ஸ்நேகம் என்ற வடசொல்லுக்கு நட்பு என்றும் பொருள், எண்ணெய், நெய் என்றும் பொருள். அதிலிருந்து வந்த நேயத்துக்கும் அகராதியில் அன்போடு எண்ணெயும் நெய்யும் உண்டு. அப்படிப் பார்த்தால் மனிதநேயம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் உலகப் போரின் 'நேச நாடுகள்' எண்ணெய்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். (பின்னாளில் ஆனார்கள் என்பது வேறு கதை.)

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. சில வருஷம் முன்பு முழங்கால் வலிக்காக ஓர் ஆயுர்வேத நிலையத்தில் போய்ப் படுத்தேன். மறுநாள் காலை 'ஸ்நேகபானம்' என்று சீட்டில் எழுதியிருந்தது. நட்பு பானம்! ஏதோ வரவேற்பு சர்பத் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு ஒரு அம்மா சின்னக் கிண்ணத்தில் மூலிகை காய்ச்சிய நெய்யை வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து, எதிரிலேயே நின்றார். வெறும் வயிற்றில், ஒரே மடக்கு. பச்சை கலந்த பழுப்பு நிறம், அடித்தொண்டையில் கசப்பு. ஒவ்வொரு நாளும் அளவு கூடிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் கிண்ணத்தைப் பார்த்ததுமே வயிறு பின்வாங்கியது. அந்த அம்மா மட்டும் ஐந்து நாளும் சுமுகமாகவே இருந்தார்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் பேசுகிறேன். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் 'கார்டியலி' என்று போடுகிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று இருக்கும். அங்கே நீங்கள் 'நெஞ்சார' என்று போட்டுக்கொள்ளலாம், நான் குறுக்கே வரமாட்டேன். எண்ணூறு பத்திரிகையில் எழுநூறு, பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்களுக்குத்தான் போகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழரச வரிக்கான திருத்தம் இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சுமுகத்துக்குத் திருத்தம் இல்லை. இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தின் முடிவில் 'நெஞ்சார்ந்த அன்புடன்' என்று கையெழுத்திட்டிருந்தீர்கள். அதற்கு மேலே இருந்த இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு, அச்சில் அதை 'அன்புடன்' என்று மட்டும் குறைத்திருக்கிறேன்.