அடிமையைக் கொன்றவனைச் சட்டம் தண்டித்ததா? வாசகர் கேள்விகள்

கே: அடிமையைக் கொன்றதற்காக எசமான் யாராவது தூக்கில் தொங்கியது உண்டா? (வாசகி, திருச்சி)

ப: உண்டு. கரீபியனில் டார்ட்டோலா தீவின் பண்ணை முதலாளி ஆர்தர் ஹாட்ஜ், 1811 மே 8. இறந்தவர் பெயர் பிராஸ்பர். மரத்திலிருந்து விழுந்த ஒரு மாம்பழத்துக்கு 6 ஷில்லிங் கொடு என்றார் ஹாட்ஜ். அவ்வளவு பணம் பிராஸ்பரிடம் இல்லை. கட்டிப்போட்டு அடித்த அடியில் சில நாளில் உயிர் போனது. 'அடிமை சொத்து, நாயைக் கொன்றதைவிட இது பெரிய குற்றம் இல்லை' என்று ஹாட்ஜ் தரப்பில் வாதாடிப் பார்த்தார்கள். பெரீன் ஜார்ஜஸ் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளரும் சாட்சி சொன்னதால்தான் வழக்கு நின்றது. சட்டத்தை மட்டும் படிக்காதீர்கள், சாட்சி யார் என்று பாருங்கள் என்று எப்போதும் சொல்வேன், இங்கும் அதேதான். தண்டனையை நிறைவேற்றிய கவர்னர் ஹியூ எலியட், 1814-இல் நம் மெட்ராஸுக்குக் கவர்னராக வந்தவர்.

கே: சோங் கப்பல் கொலை வழக்கில் என்ன தீர்ப்பு? (வாசகர், ஈரோடு)

ப: கொலை வழக்கே நடக்கவில்லை. சோங் ஓர் அடிமைக் கப்பல். 1781-இல் அதிலிருந்து சுமார் 130 அடிமைகளைக் கடலில் தள்ளினார்கள். 1783-இல் லண்டனில் நடந்தது இன்ஷூரன்ஸ் வழக்கு, கப்பல் முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு கேட்டு.

கே: அடிமை என்பவர் காசு கொடுத்து வாங்கிய சொத்து. சொந்த மாட்டை யாராவது அடித்துக் கொல்வார்களா? இந்தக் கொடுமைக் கதைகள் மிகை என்றே தோன்றுகிறது. (வாசகர், ஊர் எழுதவில்லை)

ப: மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். எந்த நாடு, எந்த ஆண்டு என்றுகூட எழுதுவதில்லை. இந்த வாதம் உங்களுக்குத் தோன்றியது அல்ல. 1669-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா சட்டமன்றம் இதையே சட்டமாக்கியது: திருத்துவதற்காக அடிக்கும்போது அடிமை செத்தால் அது கொலை ஆகாது, ஏனென்றால் தன் சொத்தைத் தானே அழிக்கும் வன்மம் யாருக்கும் இருக்க முடியாது. கொன்றவனைக் காப்பாற்ற எழுதிய வரியை நீங்கள் சான்றாகக் காட்டுகிறீர்கள்.

சரி, அதே வர்ஜீனியாவில் 1849-இல் நடந்ததைப் பாருங்கள். ஹனோவர் மாவட்டத்தில் சிமியன் சவுதர், சாம் என்ற தன் அடிமையை மரத்தில் கட்டி அடித்தார். கை வலித்தபோது மற்ற அடிமைகளை அடிக்கச் சொன்னார். உடம்பில் நெருப்பு வைத்தார். மிளகாய் கலந்த வெந்நீரால் கழுவச் சொன்னார். இது ஒரு பகல் முழுக்க நடந்தது. சாம் இறந்தார். விலை கொடுத்து வாங்கிய கை அன்றைக்கு எதை யோசித்தது?

வெள்ளையர்கள் பார்த்திருந்ததால் வழக்கு வந்தது. 5 ஆண்டு சிறை. சவுதர் மேல்முறையீடு செய்தார். இதை மிகக் கடுமையான வகையான முதல்தரக் கொலையாகவே தீர்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனாலும் தண்டனை கூடவில்லை. சாம் பிழைத்திருந்தால் இந்த வழக்கும் கிடையாது: சொந்த அடிமையை எவ்வளவு கொடூரமாக அடித்தாலும் எசமான்மேல் குற்றம் சாட்ட முடியாது என்று 1827-இலேயே அதே மாநிலத்தில் தீர்ப்பு இருந்தது.

சாட்சி விஷயம் மறுபடியும். அடிமைகள் வாழ்ந்த இடத்தில் அடிமைகள்தான் பார்த்திருப்பார்கள். வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் அவர்கள் வாயைத் திறக்க முடியாது. பதிவான வழக்கு குறைவு என்பதால் கொடுமை குறைவு என்று கணக்குப் போடாதீர்கள்.

கே: தெற்கு கரோலினாவில் கொலைக்கு அபராதம் இருந்ததாமே? (மாணவி, சென்னை)

ப: ஆமாம், 1740 சட்டம். வேண்டுமென்றே கொன்றால் 700 பவுண்டு. ஆத்திரத்தில் அல்லது அளவுமீறி அடித்ததில் செத்தால் 350. வெள்ளையர் யாரும் அங்கே இல்லாவிட்டால், சந்தேகத்துக்கு ஆளான எசமான் 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்து தப்பிக்கவும் அதிலேயே வழி இருந்தது.

கே: அடிமையை வாடகைக்கு எடுத்தவர் அடித்தால்? (வழக்கறிஞர், மதுரை)

ப: வடக்கு கரோலினாவில் லிடியா என்ற பெண்ணை வாடகைக்கு எடுத்த ஜான் மான், அடிக்கு பயந்து ஓடியவரைச் சுட்டார். ஜூரி குற்றவாளி என்றது. மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் ரஃபின் ரத்து செய்தார். அடிமையின் பணிவு முழுமையாக இருக்க எசமானின் அதிகாரம் முழுமையாக இருக்க வேண்டும் என்று எழுதியவர், அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

கே: இந்தியாவில்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 1843-இன் 5-ஆம் சட்டம். சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகிற எதுவும், அடிமை என்ற சாக்கில் செய்தாலும் குற்றமே என்றது. பண்ணையாளின் முதுகுக்கு அது எவ்வளவு எட்டியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கே: அடிமைப் பெண்ணுக்குத் தற்காப்பு உரிமை இருந்ததா? (வாசகி, கோவை)

ப: பெண்ணைப் பலாத்காரம் செய்வதைக் குற்றமாக்கிய அமெரிக்காவின் மிசௌரி மாநிலச் சட்டம் 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொன்னது. சீலியா என்ற அடிமைச் சிறுமியை 14 வயதளவில் 1850-இல் வாங்கிய ராபர்ட் நியூசம் 5 ஆண்டு பலாத்காரம் செய்தார். 1855 ஜூனில், வராதே என்று சொல்லியும் அவள் குடிசைக்கு வந்தவரைத் தடியால் அடித்தாள், அவர் இறந்தார். 'எந்தப் பெண்ணும்' என்பதில் சீலியாவும் அடக்கம் என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். ஜூரிக்கு அப்படி அறிவுறுத்த நீதிபதி மறுத்தார். டிசம்பர் 21 அன்று சீலியாவைத் தூக்கிலிட்டார்கள். அவள் கூண்டேறித் தன் தரப்பைச் சொல்லச் சட்டத்தில் இடமே இல்லை.