கோடை விருந்துக்குச் சிறு உற்பத்தியாளரின் பிரெஞ்சு வைன்: லேபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். ஜூலை நடுவில் வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து பேருக்கு மதிய விருந்து வைக்க இருக்கிறோம். கணவருடன் வேலை செய்யும் பிரெஞ்சு நண்பர்களும் வருவார்கள். பொரித்த மீன், இறால், கோழி எல்லாம் நம் சமையல்தான். பெரிய நிறுவனங்களின் வைனைவிட, சொந்தத் தோட்டத்தில் பயிரிட்டுத் தாமே வைன் செய்பவர்களிடமிருந்து வாங்க விரும்புகிறோம். ஒரு போத்தலுக்கு 15 யூரோ வரை செலவிடலாம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: போத்தலின் முன்பக்கத்தில் கோட்டைப் படம் அச்சிட்டிருப்பதால் அங்கே ஒரு கோட்டை இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 'ஷாத்தோ', அதாவது கோட்டை, என்ற சொல்லைப் போடுவதற்குத் திராட்சை அந்தத் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டுமே தவிர, கோபுரமும் அகழியும் வேண்டியதில்லை. எனவே முதலில் போத்தலைத் திருப்பி, அதை நிரப்பியவர் யார், எந்த ஊரில் நிரப்பினார் என்ற சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'மீ ஸான் புத்தேய் ஓ தொமேன்' அல்லது 'ஓ ஷாத்தோ' என்றிருந்தால் வைன் விளைந்த தோட்டத்தின் பெயரிலேயே போத்தலில் அடைக்கப்பட்டது என்று பொருள். 'ஆ லா ப்ரொப்ரியெத்தே', அதாவது 'உடைமையிலேயே', என்ற சொற்றொடரைக் கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்தலாம். 'தான் நோ காவ்', அதாவது 'எங்கள் நிலவறைகளில்' என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் பலரிடமிருந்து வாங்கிக் கலந்து விற்கும் வணிகரின் வைன் என்று கொள்ளலாம்.

இன்னும் எளிதான சோதனை அஞ்சல் குறியீடு. பிரான்சில் வசிக்கும் உங்களுக்கு அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாவட்டத்தைக் குறிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புரோவான்ஸ் ரோசே (இளஞ்சிவப்பு வைன்) என்று விற்கப்படும் போத்தலில், நிரப்பியவரின் குறியீடு 83 அல்லது 13 என்று தொடங்காமல் போர்தோவைச் சேர்ந்த 33 என்று தொடங்கினால், அது விவசாயியின் போத்தல் அன்று. கழுத்துமூடியின் உச்சியில் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் உருவத்துடன் வட்டமான வரி முத்திரை இருந்தால், அதிலுள்ள எழுத்தையும் பாருங்கள். 'எர்' (R) பயிரிட்டவரைக் குறிக்கும், 'என்' (N) வணிகரைக் குறிக்கும். அந்த முத்திரை இப்போது கட்டாயமில்லை என்பதால் அது இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதனின் சின்னம் 'விஞ்ஞெரோன் அந்தெப்பாந்தான்' எனப்படும் தனி உற்பத்தியாளர்களின் சங்கத்துக்கு உரியது. தன் நிலத்தில் தானே பயிரிட்டு, அறுவடை செய்து, தன் நிலவறையிலேயே வைனாக்கி விற்பவருக்கே அந்தச் சின்னம் கிடைக்கும். உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், அந்தச் சின்னம் இல்லாத நல்ல விவசாயிகளும் ஏராளமாக இருக்கிறார்கள்.

சிறியவர் என்பதாலேயே வைன் நன்றாக அமைந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கறையில்லாத சிறு விவசாயியின் வைனைவிட, ஒழுங்காக நடக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வைன் பல மடங்கு மேலாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். தென் பிரான்சில் தோ உப்பேரிக் கரையில் விளையும் பிக்புல் தெ பினே என்ற வெள்ளை வைன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரும்பகுதி கூட்டுறவுச் சங்கங்களிலிருந்துதான் வருகிறது, ஆயினும் அதே ஏரியில் வளரும் சிப்பிகளுடன் அதற்கு ஈடான வைன் அந்த விலையில் அரிது.

இனி கோடைக்கு வருவோம். வெயிலில் குடிக்கும் வைனுக்கு நிறத்தைவிட முக்கியமானவை புளிப்பும் மதுசார அளவும். 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வைன் 30 பாகை வெயிலில் கிண்ணத்திலேயே சூடேறி மூக்கை எரிக்கும். நம் சமையலில் மிளகாய் இருப்பதால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மதுசாரம் காரத்தைக் கூட்டிக் காட்டும், துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் அதைக் கசப்பாக்கும். ஆகவே 12.5 விழுக்காட்டைத் தாண்டாத, புளிப்புத் துடிப்புள்ள வெள்ளை வைனை விருந்தின் அச்சாகக் கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அதைப் பெயர்பெற்ற ஊர்களில் தேடாமல், பெயர் மங்கிய ஊர்களில் தேடுங்கள் என்பது இரண்டாவது. சான்செர், ஷாப்லி போன்ற இடங்களில் 15 யூரோ பெரும்பாலும் வணிகரின் அடிமட்ட வைனுக்குத்தான் போதும். கீழே சொல்லும் இடங்களிலோ அதே பணம் ஊரின் சிறந்த விவசாயிகளின் வாசலுக்கே உங்களைக் கொண்டுபோய்விடும்.

அவற்றுள் நான் முதலில் வைப்பது முஸ்கதே. நாந்த் நகரத்துக்குத் தெற்கே, லுவார் ஆறு கடலை அணுகும் பகுதியில், மெலோன் தெ புர்கோஞ் என்ற திராட்சையிலிருந்து செய்யப்படும் வெள்ளை வைன் இது. 1709ஆம் ஆண்டின் கொடிய உறைபனி அங்கிருந்த கொடிகளைக் கருக்கிய பின், குளிரைத் தாங்கும் இந்த வகை அங்கே வேரூன்றியது. லேபிளில் 'சூர் லீ' என்ற சொற்களைக் கட்டாயம் தேடுங்கள். நொதித்தல் முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலை அகற்றாமல், குளிர்காலம் முழுதும் வைனை அதன் மேலேயே கிடக்கவிட்டு, அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகே போத்தலில் அடைப்பார்கள். வண்டல் வைனை ஆக்சிஜனிலிருந்து காக்கிறது, சற்றே தசைப்பற்றைத் தருகிறது, சில போத்தல்களில் நுனிநாக்கில் மெல்லிய துள்ளலையும் விட்டுவைக்கிறது. மலிவாகவும் மிகையாகவும் உற்பத்தி செய்யப்பட்ட காலத்தில் கெட்டுப்போன பெயர் இன்னும் முழுதாக மீளவில்லை. வாங்குபவருக்கு அது நல்லதாகவே முடிந்திருக்கிறது. 2011இல் தனித்தகுதி பெற்ற கிளிசோன், கோர்ஜ், லெ பலே ஆகிய ஊர்ப்பெயர்களைத் தாங்கிய போத்தல்களும் பல வேளைகளில் உங்கள் விலைக்குள் கிடைக்கும். அவை வண்டலின் மேல் அதிக காலம் முதிர்ந்த, கனமான வைன்கள் என்பதால் வரவேற்புக் கிண்ணத்துக்கு வேண்டாம்; பொரித்த மீன் மேசைக்கு வரும்போது திறந்தால் போதும்.

அடுத்தது சவ்வா மலைப்பகுதியின் அப்ரமோன். ழாக்கேர் திராட்சையில் செய்யப்படும் இந்த வைன் பெரும்பாலும் 11 முதல் 12 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும், ஈரக்கல்லின் வாசனையுடன் தண்ணீர்போல் இறங்கும். 1248ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இரவு மோன் கிரனியே மலையின் ஒரு பக்கம் சரிந்து, கீழே இருந்த ஊர்களைப் புதைத்தது. அந்த இடிபாட்டுச் சுண்ணாம்புக்கல் மேல்தான் இன்றைய கொடிகள் நிற்கின்றன. பனிச்சறுக்கு விடுதிகளில் பாலாடைக்கட்டியோடு குடிக்கும் வைன் என்று பலர் இதைக் கோடையில் மறந்துவிடுகிறார்கள். இறாலுக்கு எலுமிச்சை பிழிவீர்களானால் இதையே எடுங்கள்.

ரோசே இல்லாமல் பிரெஞ்சு நண்பர்களின் ஜூலை விருந்து நிறைவடையாது என்பது உண்மைதான். ஆனால் வெளிறிய நிறம் தரத்தின் அடையாளம் என்ற எண்ணம் வெறும் விற்பனை மோகம். தோல் சாற்றுடன் எவ்வளவு நேரம் கிடந்தது, என்ன திராட்சை என்பதையே நிறம் பெரிதும் காட்டுகிறது. மேலும் ரோசே நிறமற்ற கண்ணாடியில் வருவதால், வெளிச்சத்தில் நின்ற போத்தல் வேகவைத்த முட்டைக்கோசு போன்ற நாற்றத்தை அடைந்துவிடும். கடையின் சன்னலோரத்தில் இருப்பதை எடுக்காதீர்கள். கோழிக்கறிக்கு உடல் பலமுள்ள ரோசே வேண்டுமானால், 1936 முதல் ரோசேக்கு மட்டுமே உரிய பெயராக இருக்கும் தவேல் சிறப்பானது. அது பெரும்பாலும் 13.5 விழுக்காட்டைத் தொடும் என்பதால், உணவுக்கு முன் ஊற்றாமல் உணவோடு ஊற்றுங்கள். பந்தோல் ரோசேயை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் 15 யூரோவுக்குள் நல்லது கிடைப்பது கடினம்.

சிவப்பு கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் போஜொலே. நவம்பரில் ஆரவாரத்துடன் வரும் 'நூவோ' என்ற புது வைன் வேண்டாம். பத்து ஊர்ப்பெயர்களில் ஒன்றான ஷிரூப்ல் அல்லது ஃப்ளூரியைக் கேளுங்கள். ஷிரூப்ல் அந்தப் பத்தில் மிக உயரத்தில் விளைவது, அதனால் மெலிந்தது. போஜொலே செய்யப்படும் கமே திராட்சைக்குத் துவர்ப்பு குறைவு. ஆகவே குளிரூட்டினாலும் வாயைப் பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியில் முக்கால் மணிநேரம் வைத்து 13 பாகையளவில் பரிமாறுங்கள்.

இனிப்பு வேளைக்கு ஒரு சிறு ஆச்சரியம்: பியூஜே செர்தோன். கமே, பூல்சார் திராட்சைகளிலிருந்து வரும் இளஞ்சிவப்பு நுரை வைன் இது. நொதித்தல் போத்தலுக்குள்ளேயே தொடர்ந்து, சர்க்கரை மீந்திருக்கும்போதே நின்றுவிடுவதால் மதுசாரம் 8 விழுக்காட்டளவில்தான் இருக்கும். மாம்பழத்தோடு கொடுத்துப் பாருங்கள்.

ஒரு போத்தலில் 125 மில்லிலீட்டர் வீதம் ஆறு கிண்ணம் வரும். பதினைந்து பேரில் சிலர் குடிக்காமலும், சிலர் வண்டியோட்ட வேண்டியவர்களாகவும் இருப்பார்கள் என்பதால், மொத்தம் ஒன்பது போத்தல் போதும்: வெள்ளை நான்கு, ரோசே இரண்டு, சிவப்பு ஒன்று, செர்தோன் இரண்டு. வெள்ளையும் ரோசேயும் முந்தைய ஆண்டு அறுவடையாக இருக்கட்டும்; முஸ்கதேயின் ஊர்ப்பெயர் வைன்களுக்கும் போஜொலேக்கும் இரண்டு மூன்று ஆண்டு கூடுதலானால் குறையில்லை. விவசாயியிடம் நேரடியாக வரவழைப்பதானால், பெரும்பாலும் ஆறு போத்தல் கொண்ட பெட்டியாகத்தான் அனுப்புவார்கள். ஜூலை வெயிலில் பார்சல் வண்டிக்குள் வைன் வெந்துவிடக்கூடும் என்பதால் ஜூன் தொடக்கத்துக்குள் வரவழைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்திலுள்ள 'காவிஸ்த்' கடையில் ஊர்ப்பெயரையும் விலையையும் சொல்லி, 'அவரே பயிரிட்டு அவரே செய்ததா?' என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் அந்த விவசாயியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்.

விருந்தன்று போத்தல்களை ஐஸ் மட்டும் நிரம்பிய வாளியில் வைக்காமல், ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் கழுத்தளவு அமிழ்த்துங்கள். இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வாளியை மரநிழலில் வையுங்கள், கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இயன்றால் ஒரு வாரம் முன்பே முஸ்கதேயும் அப்ரமோனும் ஒவ்வொன்று வாங்கி, உங்கள் கைப்பக்குவத்தில் செய்த இறாலோடு இருவரும் உட்கார்ந்து சுவைத்துப் பார்த்துவிட்டு, மீதியை வாங்குங்கள்.